சிவப்புப் புள்ளி வைத்த பல் உறை

அன்பான அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பதாகத்தான் ஒவ்வொரு முறையும் ஃபோனில் சொல்கிறாய். ஆனால் ஃபோனில் உன்னைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "என்னை விடு, உன் கதையைச் சொல்லு" என்று திருப்பிவிடுகிறாய். அதனால்தான் பார்சலோடு கடிதமும் வருகிறது. இதில் நீ குறுக்கே பேச முடியாது.

பெட்டியைத் திறந்ததும் பயப்படாதே. உள்ளே இருப்பவை உன் மேல்வரிசைப் பற்களுக்கான இரண்டு உறைகள். தூங்கும்போது பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது. காலையில் எழுந்தால் தாடை கடுக்கிறது என்று போன மாதம் போகிற போக்கில் சொன்னாயே, எனக்கு அது போகிற போக்கில் போகவில்லை.

இதில் எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. பல் உறைகள் செய்யும் எங்கள் லேப்பில் பழைய மெஷின் உயிரை விட்டுவிட்டது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அது இளகித் தொப்பை போடும் நேரம் பார்த்து, பல் அச்சின் மேல் இறக்கும் மெஷின்தான். அதன் இடத்துக்கு இரண்டு வந்து நிற்கின்றன. ஒன்று வாக்குவம் மெஷின், தகட்டைக் கீழிருந்து உறிஞ்சி அச்சில் ஒட்ட வைக்கிறது. இன்னொன்று பிரஷர் மெஷின், மேலிருந்து காற்றை அடித்து அமுக்குகிறது. மாதக் கடைசிவரை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

நீ பங்காளி என்று பெயர் வைத்தாயே, என்னோடு பாதிப் பங்கு போட்டிருக்கும் என் தோழி, அவள் முதல் நாளே வாக்குவம் பக்கம் சாய்ந்துவிட்டாள். சின்னது, சத்தம் இல்லை, தனியாகக் கம்ப்ரசர் வேண்டாம். பிரஷர் மெஷினின் கம்ப்ரசர் போடும் கூச்சலில் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ஒருநாள் மதியத் தூக்கம் கலைந்து இறங்கி வந்து, "உள்ள என்னம்மா, ஏரோப்ளேனா செய்யறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கோ பிரஷர் மேல்தான் கண். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருக்கிற இடுக்கில் தகடு எப்படி இறங்குகிறது என்று நீ பார்க்க வேண்டும், அழகு! பங்காளி கேட்கிறாள்: "அழகா இருந்து என்னடீ, வாய்க்குள்ள யாரு பாக்கப் போறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். நாங்கள் நோயாளிகளைப் பார்ப்பதே இல்லை. எங்களிடம் வருவது பிளாஸ்டர் அச்சு மட்டும். சரியாகப் பொருந்தினால் டாக்டர்கள் ஃபோன் செய்ய மாட்டார்கள், பொருந்தாவிட்டால்தான் செய்வார்கள். எங்களுக்கு ஒரு சொந்த வாய் வேண்டியிருந்தது. அலமாரியில் உன் அச்சு இருந்தது. நான் படிக்கும்போது முதன்முதலாக மாவு வைத்து அளவெடுத்தது உன் வாயில்தானே. குமட்டாமல் இருக்கக் கால் விரல்களை ஆட்டச் சொன்னேன். நீ இரண்டு காலையும் உதைத்து என் டீச்சரின் கண்ணாடியைத் தட்டிவிட்டாய். அந்த அச்சில்தான் இரண்டு உறைகளையும் செய்திருக்கிறேன்.

ஒன்றில் நீலப் புள்ளி, ஒன்றில் சிவப்பு. எது எந்த மெஷின் என்று சொல்ல மாட்டேன். மாற்றி மாற்றிப் போட்டுப் பார். பிறகு ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்து, ஃபோட்டோ எடுத்து அனுப்பு. உன் பேச்சை வைத்துத்தான் மெஷின் வாங்கப் போகிறோம். ஆகவே எனக்காக நல்லதாகச் சொல்லாதே, உள்ளதைச் சொல்.

நன்றாகத் தூங்கு.

அன்புடன்,
உன் தங்கை

*

அன்பான அக்காவுக்கு,

பிளாஸ்டர் இறுகும்வரை நான் படிக்கிற நாவல்களில், கடிதம் எழுதுகிறவர்கள் முக்கியமான சேதியைக் கடைசிப் பத்திக்கு ஒளித்து வைப்பார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பை வாங்கிவிட்டோம். அதுதான் பிரஷர் மெஷின். நீ வாங்கச் சொல்லாததை வாங்கியிருக்கிறேன், அதுவும் உன் வாயை நம்பித்தான். எப்படி என்று கேள்.

"ரெண்டுமே நல்லா இருக்குடீ. நீலம் இன்னும் சுகமா இருக்கு. அதையே வாங்கிடுங்க" என்று நீ சொன்னதும் பங்காளிக்குத் தலைகால் புரியவில்லை. "அக்காவே சொல்லிட்டாங்க, இனி அப்பீல் கிடையாது" என்று கம்ப்ரசரை அட்டைப்பெட்டியில் போட்டு டேப்பும் ஒட்டிவிட்டாள். எனக்கும் மறுத்துப் பேச வழியில்லை. கேட்டது நான், சொன்னது நீ.

ஆனால் இரண்டும் நன்றாக இருக்கிறது என்பது தொண்டையில் மாட்டிக்கொண்டது. இரண்டு மெஷினில் செய்தவை ஒரே வாயில் ஒன்றுபோல உட்காராது. நீ அனுப்பிய ஃபோட்டோக்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சிவப்பு இடதுபக்கம் பின்னால் இறங்கவே இல்லை. ஒரு கால் குட்டையான மேஜை போலத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் போய் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய்!

பங்காளி எட்டிப் பார்த்துவிட்டு, "உன் ராஜாவோட லட்சணத்தைப் பாரு" என்றாள். ஒரு நிமிஷம் எனக்கும் முகம் தொங்கிவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உறை பொருந்தவில்லை என்றால் மெஷினைத் திட்டுவதற்கு முன்னால் அச்சுக்குத் திரும்ப வேண்டும். உனக்கு அனுப்பியதைப் போலவே இரண்டு மெஷினிலும் புதிதாக ஒவ்வொன்று செய்தேன். சிவப்பு உன் அச்சில் டக்கென்று உட்கார்ந்தது, எடுக்க நகம் வலித்தது. நீலத்தை ஒரு விரலால் தள்ளினாலே ஆடியது. அப்போதுதான் உறைத்தது. நீலம் தொளதொள. அதனால்தான் எந்த வாய்க்குள்ளும் சுகமாக நுழைகிறது. சிவப்பு உன் அச்சை அப்படியே எடுத்திருக்கிறது. அச்சோடு பொருந்துவது உன்னோடு பொருந்தவில்லை என்றால், மாறியிருப்பது நீதான்.

மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தேன். அச்சில் இடதுபக்கம் கடைசிக்கு முந்தின பல் திடமாக நிற்கிறது. ஃபோட்டோவில் அந்த இடத்தில் வெறும் இருட்டு. அந்தப் பல்லுக்கென்று நான் செய்த குழி உன் வாயில் காலியாக இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பல், அந்தக் காலி இடத்தைப் பார்த்து முன்னால் சாய்ந்திருக்கிறது. சிவப்பு முட்டிக்கொண்டு நிற்பது அதில்தான். பல் ஒரு வாரத்தில் அப்படிச் சாயாது, அக்கா. ஒரு வருஷமாவது ஆகும்.

பங்காளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஃபோட்டோவையும் அச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, "அப்போ பொருந்தாததுதான் நல்ல மெஷினா?" என்றாள். ஆமாம் என்றேன். "இதச் சொல்லி டாக்டருங்க யாருகிட்டயும் ஆர்டர் கேட்டுடாதே" என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துத் தான் ஒட்டிய டேப்பைத் தானே கிழித்தாள். கம்ப்ரசரைப் பின்கட்டில் யாரும் பயன்படுத்தாத குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம். மதியத்தில் ஓட்டுவதில்லை என்று வீட்டுக்கார அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது படியில் என்னைப் பார்த்தால், "ஏரோப்ளேன் கிளம்பிடுச்சா?" என்று மட்டும் கேட்கிறார். இந்த வாரம் அனுப்பிய ஆர்டர்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. டாக்டர்கள் ஃபோனும் செய்யவில்லை. எங்கள் ஊமைப் பாராட்டு அதுதான். சரியான மெஷினைத்தான் எடுத்திருக்கிறோம், எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி உன் விஷயம். கோபம் இல்லை என்று எழுதினேன், அடித்துவிட்டேன். கொஞ்சம் இருக்கிறது. ஒரு பல் போகிற அளவுக்கு ராத்திரியெல்லாம் எதைக் கடித்துக்கொண்டிருந்தாய்? பிடுங்கிய அன்று கன்னம் வீங்கியிருக்குமே, அன்றும் என்னோடு ஃபோனில் பேசினாயா? பேசியிருப்பாய். என் கதையைத்தான் கேட்டிருப்பாய். நானும் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். பதில் எழுத வேண்டாம். கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த இரண்டு உறைகளையும் போடுவதை இன்றோடு நிறுத்து. சிவப்பு சாய்ந்த பல்லை இன்னும் தள்ளும். நீலம் தூக்கத்தில் கழன்றுவிடும். இரண்டும் இப்போது உனக்கு ஆகாது. அவற்றைச் செய்தது, நீ வேலைக்கு வெளியூர் போகும் முன் இங்கே இருந்தபோது உனக்கிருந்த வாய்க்கு.

புது மெஷினுக்கு வந்த தகடுகளில் மேலே இருந்ததை எடுத்துக் காகிதத்தில் சுற்றி உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பங்காளி அதைத் தொடுவதில்லை. ஆனால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும், அடியில் வைப்பதைத்தான் அது எடுக்கும். அதற்கு இப்போதைய உன் பல் வேண்டும், சாய்ந்தது, காலியானது எல்லாம் சேர்த்து. அங்கேயே அளவெடுத்து அனுப்பலாம்தான். அதை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன், எழுதிவிட்டுக் கிழித்துவிட்டேன்.

நீயே வா, அக்கா. லீவு கேள். கேட்டால் கொடுப்பார்கள், நீதான் கேட்பதில்லை. எதிர்ச்சாரி பல் டாக்டரம்மா அளவெடுப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள், மூக்கால் மூச்சு விடு, கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இரு. யாரை வேண்டுமானாலும் உதை. வாயில் வைத்த மாவு இறுகும்வரை உன்னால் பேச்சைத் திருப்ப முடியாது. அதன் பிறகும் நான் அவசரப்பட மாட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
தங்கை