அலபாத்தியை நிமிர்த்திவிட்டார்கள்

மாங்கரே,
புதன்கிழமை

அன்புள்ள ஃபலனிகோ அண்ணனுக்கு,

தங்கை சியேனி வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அண்ணி கொடுத்தனுப்பிய கோக்கோ வந்து சேர்ந்தது. காய்ச்சினால் இந்த அந்நிய தேசத்திலும் வீடே நம் தீவு மாதிரி மணக்கிறது. மகள் லூசியாவின் கல்யாண வேலைகள் ஒருவழியாக ஓடுகின்றன. குடும்பத் தலைவர் நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் களைகட்டும்.

ஆனால் என் வயிறு எரிகிறது அண்ணா. யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

மகன் அலபாத்தி போகிற பகல்நேர மையம் உங்களுக்குத் தெரியும். அவனைப் போல வளர்ச்சி மெதுவான பிள்ளைகளுக்காக நடத்துகிறார்கள். அங்கே ஜனீன் என்று புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறாள். வந்ததும் நம் பிள்ளையிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டாள். பெரியவர்கள் பேசினால் தரையைப் பார்க்கிறானாம். யாராவது உட்கார்ந்திருந்தால் குனிந்து, "துலோ, துலோ" என்று முணுமுணுத்தபடி கடக்கிறானாம். பயந்தவன், தன்னம்பிக்கை இல்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டாள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டைப் பொத்தான் போட அவனுக்கு இன்னும் வராது. ஆனால் பெரியவர்கள் முன்னால் குனிந்து, 'துலோ' என்று மன்னிப்புக் கேட்டுக் கடக்கிற நம் ஊர் மரியாதையை அவன் ஒருநாளும் மறந்ததில்லை. அதைக் கற்க அவனும் நானும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதைத்தான் வியாதி என்று ஒழிக்கக் கிளம்பினார்கள். நிமிர்ந்து நடந்து, கண்ணைப் பார்த்தால் ஒரு சாக்லேட் பிஸ்கட். இதுதான் வைத்தியம்.

போன ஞாயிறு போதகர் வீட்டு விருந்தில் பலன் தெரிந்தது. பெரியவர்கள் பாயில் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலபாத்தி நெஞ்சை நிமிர்த்தி அவர்கள் நடுவே நடந்துபோய், போதகருக்கு நேரே நின்று அவர் கண்ணையே வெறித்துப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். பிஸ்கட்டுக்கு! "இதுதான் நீ புள்ள வளத்த லட்சணமா?" என்று மூப்பரின் மனைவி எல்லார் முன்பும் என்னைக் கேட்டாள். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவன் அழுதான்.

மறுநாளே மையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஜனீன் அசரவே இல்லை. "எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க. யாரையும் பிரிச்சுப் பாக்கிறதே இல்ல" என்றாள். எல்லாரும் ஒன்று என்றால் எல்லாரும் அவளை மாதிரி என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது! அங்கே உதவியாளராக இருக்கும் நம் ஊர்ப் பெண் மலியா முதலிலேயே எடுத்துச் சொன்னாளாம். "உன் வேலையப் பாருன்னுட்டாங்கக்கா. முடிவு பண்ற இடத்துல நம்ம ஆளு ஒருத்தராவது இருந்தாத்தானே" என்று புலம்பினாள்.

கூத்தைக் கேளுங்கள். நான் கிளம்பும்போது ஜனீன் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் பன்முகப் பண்பாட்டு விழா. அலபாத்திக்கு லாவலாவா வேட்டி கட்டி, பூமாலை போட்டு அனுப்புங்க. போட்டோவுக்கு அழகா இருக்கும்" என்றாள். மாலை வேண்டுமாம், மரியாதை வேண்டாமாம்! "மாலைய நீங்களே போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவனை நிறுத்திவிடலாம்தான். ஆனால் அவன் சிநேகிதர்கள் எல்லாரும் அங்கேதான். நான் ஏன் நிறுத்த வேண்டும்? அவர்கள்தான் மாற வேண்டும். மலியாவைக் கூட்டிக்கொண்டு மேலிடத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். விடமாட்டேன்.

ஆனால் அவனை மறுபடி குனியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை அண்ணா. நிமிர்ந்தால் நம்மவர்கள் கோபிக்கிறார்கள், குனிந்தால் அவர்கள் கோபிக்கிறார்கள். இப்போதெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிடுகிறான்.

கல்யாணத்தன்றும் அப்படித்தான் நிற்பான். சபையில் அமர்ந்த தலைவர் எழுந்து போவது வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவன் எப்படி நடந்து வந்தாலும் சரி, உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதன் பிறகு யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
சியேனி