ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்த வரைக்கும்

2-7-95, ஞாயிறு

அருள்குமார் வந்திருந்தான். பீளமேட்டுப் பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து என் மகனுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான். பெற்ற அப்பனையே விடுவதில்லை, என் பிக்கப்பை விடுவானா? தோட்டத்திலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தோம். இறங்கும்போது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்டியரிங்கக் கால் சுத்து சுத்துனதுக்கப்பறந்தான் சக்கரமே திரும்புதுங்கப்பா. கிளச்ச மிதிச்சா மேல வர மாட்டேங்குது. பேசாம எடைக்குப் போட்டர்லாமுங்க."

எடைக்கா! எங்கள் அப்பா 1957-ல் வாங்கிய வண்டி. இவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஊட்டுக்கு வந்ததே இதில்தான். வளைவு வருமுன்பே கால் சுற்று சுற்றி வைத்துக்கொண்டால் தானாகத் திரும்பப் போகிறது. கிளச் பெடல் அடியிலேயே நின்றுவிட்டால் பெருவிரலைக் கொடுத்து மேலே தூக்கிவிட வேண்டும். இதற்குப் பெயர் குறையா? வித்தை ஐயா, வித்தை!

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. ஆடியில் அந்தியூர் மாட்டுச் சந்தைக்கு இதே வண்டியில் போய், ஒரு ஜோடிக் கன்று ஏற்றிக்கொண்டு, வழியில் எங்கும் மக்கர் பண்ணாமல் ஊர் வந்து சேர்ந்தால் வண்டி இருக்கும். இல்லாவிட்டால் எடைக்கு. வீராப்பாகச் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

4-7-95

என் பொண்டாட்டி கனகம் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இவள் மூன்று வருஷத்துக்கு முன்பு வடவள்ளி டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கியவள். வாங்கிய மறுநாள் இந்த வண்டியை எடுத்தாள். களத்துக்குள்ளேயே நாலு தடவை ஆஃப் ஆகி, கோழிக்கூண்டில் முட்டி நின்றது. லைசென்ஸ் பீரோவுக்குள் போய்விட்டது. "இது என் காலுக்கு மட்டுந்தான் கட்டுப்படும்" என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். சொல்ல நன்றாக இருக்கிறது.

8-7-95

செல்வபுரம் கோவிந்தராஜுலு பட்டறை. கனகமும் கூட வந்தாள். ராஜுலு டார்ச்சோடு வண்டிக்கடியில் போய்ப் படுத்தார்.

"ஏனுங் கவுண்டரே, கிளச் ராடுல பின்னுக்குப் பதிலா ஆணிங்களா?"

"ஆணிதானுங்க. பதினோரு வருசமா நிக்குது."

"ஸ்பிரிங்குக்கு?"

"சைக்கிள் டியூப்பு."

எழுந்து வந்து பட்டறையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். பொருட்காட்சிதான் போங்கள்.

14-7-95

வண்டி தயார். கிளச்சுக்குப் புதுப் பின், கடைசல் போட்ட புஷ், நிஜ ஸ்பிரிங். ஸ்டியரிங் பாக்ஸையும் இறுக்கியாயிற்று. ராடில் இருக்கிற நட்டைத் திருகித்தான் கிளச் ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமாம். கனகம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எது எதற்கு என்று ராஜுலுவைக் குடைந்துவிட்டாள். மனுஷனும் சலிக்காமல் காட்டினார்.

கிளம்பும்போது சொன்னார்: "ஸ்டியரிங்குல ஒரு வெரல் அகலந்தான் ஆட்டம் வெச்சிருக்கறனுங்க. பழைய நெனப்புல திருப்பிப்போடாதீங்க."

எனக்கேவா!

அதே நாள், சாயங்காலம்

பேரூர் தாண்டும் வரைக்கும் நேர் ரோடு, தொந்தரவில்லை. ஊருக்கு முன்னால் இருக்கிற வளைவில், வளைவு வருமுன்பே என் கை தன்னால் கால் சுற்று சுற்றிவிட்டது. வண்டி உடனே திரும்பிவிட்டது! சொன்ன பேச்சைக் கேட்கும் என்று யார் கண்டது? நேரே பக்கத்துக் காட்டு அழகிரிசாமியின் சோளத்தட்டுப் போருக்குள்.

அழகிரிசாமி ஓடி வந்தார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, "ஏனுங் மாமா, நம்ம தட்டுப்போரு ரோட்டுக்கு நடுவால வந்துருச்சுங்களா?" என்றார். எவ்வளவு மரியாதை.

16-7-95

மறுபடி எடுத்தேன். வேலிக்கல்.

18-7-95

மறுபடி. எருக்குழி.

அருளிடம் சொல்லாதே என்று கனகத்திடம் சொன்னேன். "நா எதுக்குங்க சொல்றேன்? ஊரே சொல்லிப்போடும்" என்கிறாள்.

20-7-95

"நா ஒருக்காப் பாக்கட்டுங்களா?" என்று சாவியை எடுத்துக்கொண்டாள். கோயில் வரை போய், திரும்பி வந்து, ரிவர்ஸில் கொட்டகைக்குள் விட்டாள். ஒரு குலுக்கல் இல்லை. ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை.

முப்பது வருஷம் பழகியவனுக்கு வரவில்லை. பழகாதவளுக்கு வருகிறது. என்ன நியாயம் இது? வயிறு எரிகிறது. பொண்டாட்டியைப் பார்த்து வயிறு எரிகிறவனும் உண்டா? இருக்கிறேனே.

23-7-95, ஞாயிறு

கனகம் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனேன். கிளச் ராடு நட்டை நாலு சுற்றுத் தளர்த்திவிட்டேன். ஸ்டியரிங்கில் கை வைக்கவில்லை, அத்தனை பாவி இல்லை நான். கிளச் மட்டும் பழையபடி ஆனால் போதும், அவள் காலுக்கு அடங்காது. என் வண்டி, என் நட்டு. இருந்தாலும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

24-7-95

காலையில் ஸ்டார்ட் பண்ணினாள். கியர் கரகரவென்று அரைத்தது. இறங்கினாள். சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போய்விட்டாள். கால்மணி நேரத்தில் கன்னத்தில் கிரீஸோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, நட்டு தன்னால இத்தனை தளருங்களா?"

மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்கு நடையைக் கட்டினேன். பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"வண்டிய எடைக்குப் போட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் நா ஓட்டறதுங்க. எனக்கென்ன, ஆசைங்களா?"

குனிந்து தொட்டித் தண்ணீரை அள்ளிக் கன்னத்துக் கிரீஸைத் தேய்த்துக் கழுவினாள்.

"ஆசையுந்தானுங்க" என்றாள்.

அய்யோ, மூன்று வருஷமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் நான் அடித்த தம்பட்டத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளா? தப்பு என்மேல்தான் அம்மணி, நான்தான் தளர்த்தினேன் என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். தெரியும் என்றாள்.

8-8-95

நாளைக்கு அந்தியூர். பீரோவிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

10-8-95, வியாழன்

போகும்போது பெருந்துறை வரைக்கும் என் இடது கால் சும்மா இருக்கவில்லை. அவள் கியர் போடும்போதெல்லாம் இல்லாத கிளச்சை மிதித்துக்கொண்டே வந்தேன். "அந்தக் காலக் கொஞ்சம் மடக்கி உக்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டாள். மடக்கினேன்.

சந்தையில் கன்றை விற்றவர், யாருங்க டிரைவர் என்றார். கையைக் காட்டினேன். அவர் கனகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க?" என்றார். கன்றுக்குத் துணை என்றேன்.

ஊட்டுக்கு வந்தபோது வாசலில் அருள்குமார். இதற்காகவே லீவு போட்டு வந்திருக்கிறான். கன்றுகளை இறக்கக்கூட விடவில்லை.

"வழியில எங்கயும் நிக்காம வந்துதுங்களாப்பா? உண்மையச் சொல்லுங்க."

"எனக்கெப்படிரா தெரியும்? பவானி தாண்டுனதே தெரியல, தூங்கிப்போட்டேன். உங்கம்மாளக் கேளு."