காருக்கு முழு இன்சூரன்ஸ்

ராயபுரம்,
18 ஆகஸ்ட் 1974, ஞாயிறு

பிரியமுள்ள அத்தானுக்கு எல்சி எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் குழந்தை பிலோமியும் சுகம். கப்பலில் நீங்களும் உங்களோடு இருப்பவர்களும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்தது. இன்சூரன்ஸ் கட்டி மாளாது, காரை விற்றுவிடு என்று எழுதியிருந்தீர்கள். நான் விற்கவில்லை. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். இதை உங்களுக்குச் சொல்ல வெள்ளிக்கிழமையிலிருந்து கை பரபரக்கிறது.

மணலியில் ஆலை கட்ட வந்த பிரெஞ்சு இன்ஜினீயரிடம் நீங்கள் வாங்கிய வண்டிக்கு உதிரி பாகம் இங்கே கிடைக்காது. அதனால் முழு இன்சூரன்ஸ் கொடுக்க மாட்டோம், நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் கொடுப்போம் என்றார்கள். விடாமல் போய்க் கேட்டேன். கொடுத்தால் நானூற்றுப் பத்து ரூபாய் ஆகும், அதற்கும் முதலில் ஆபீசர் வந்து வண்டியையும் ஓட்டுபவரையும் பார்க்க வேண்டும் என்றார்கள். பாரிமுனையில் நல்ல பள்ளிக்கூடத்தில் பிலோமிக்கு இடம் கிடைத்திருக்கிறது. காலில் மாட்டிய இரும்புக் கம்பியோடு அவள் பஸ்ஸில் ஏறுவதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள். வண்டி இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அதனால் சரி, வரச்சொல்லுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ரகுபதி என்ற ஆபீசர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஓட்டுபவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா என்றார். கடலில் இருக்கிறார் என்றேன். திருவொற்றியூர் வரை ஓட்டிக் காட்டச் சொன்னார். கதவுக் கைப்பிடியைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை.

காசிமேடு தாண்டும்போது முன்னால் போன லாரியில் கயிறு அவிழ்ந்து மூட்டைகள் சரிந்தன. ரோட்டோரம் நடந்துபோன மீன்காரக் கெங்கம்மாவின் கால் மேலேயே ஒரு மூட்டை விழுந்தது. நம் தெருவுக்கு வஞ்சிரம் கொண்டுவருவாளே, அவள்தான். பக்கத்து வீட்டு சாபிராவின் அண்ணன் எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்தபோது, பயந்தால் கண்ணை மூடாதே, காலை அழுத்து என்பார். அழுத்தினேன். அவள் கிடந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. லாரி நிற்கவில்லை.

நான் இறங்கப்போனேன். ஆபீசர் தடுத்தார். "இதுல தலையிடாதீங்கம்மா. வண்டில ஏத்தினா நீங்கதான் இடிச்சீங்கன்னு எழுதுவாங்க. பாலிசி வேற இன்னும் போடலை."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கெங்கம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டை மடக்கினேன். அந்த வண்டிக்குப் பின்பக்கம் முழுக்கக் கதவுதானே, அதைத் தூக்கினேன். மீன்காரப் பெண்கள் நாலு பேர் அவளை ஒரு பலகையில் கிடத்தி அப்படியே உள்ளே தள்ளினார்கள். அந்த வலியிலும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "காலு போனா போவட்டும் யம்மா. கூடைய வுட்டுட்டுப் போவாத, உள்ள சரக்கு கீது."

வேறு இடம் இல்லை. கூடையை ஆபீசர் மடியில் வைத்தேன். அவருடைய சட்டை முழுவதும் மீன் தண்ணீர். ஆனால் முதல் ரயில்வே கேட் அருகே அவரே தலையை வெளியே நீட்டி, வழி விடுங்கய்யா, அடிபட்ட ஆள் இருக்கு என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் என் பெயரை எழுத வந்தபோது குறுக்கே வந்து நின்று, மூட்டை லாரியிலிருந்து விழுந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கெங்கம்மாவின் கால் பிழைத்துவிட்டது. மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஆபீசர் சோப்பு கேட்டு வாங்கி முகம் கை கழுவினார். பிறகு பேனாவை எடுத்து, "ஓட்டுபவர் பேருன்னு இருக்கிற இடத்துல உங்க பேரை எப்படிம்மா எழுதணும்?" என்று கேட்டார். எல்சி ஸ்டானிஸ்லாஸ் என்றேன். முழு இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டார் அத்தான். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, அது வேறு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாலை வகுப்பு எடுத்துச் சேர்த்த பணத்திலிருந்து நானே கட்டிவிட்டேன். நேற்று பிலோமியைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது யாரும் இல்லாத ரோட்டில் சும்மாவே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன்.

விற்க மனமில்லையென்றால், கப்பல் கம்பெனி இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, போட்டால் கார் செலவுக்கு ஆகும் என்று எழுதியிருந்தீர்கள். போன தடவை கூரைக்காக என்றீர்கள். அதற்கு முந்தின தடவை பிலோமியின் ஆபரேஷனுக்காக. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. கார் செலவு இனி என் பொறுப்பு.

போன வாரம் பிலோமி, அப்பா குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பேசிக்காட்டப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். கடலின் நட்சத்திரமான நம் மாதா உங்களைச் சீக்கிரம் கரை சேர்ப்பாளாக.

உங்கள்
எல்சி