எட்டுப் பல்லிகள்

அம்மா,

இன்று கணக்குப் பரீட்சையில் பென்சில் பெட்டியைத் திறந்ததும் உன் மர எண்ணெயின் வாசம் வந்தது. அளவுகோலைத் தேடிய விரல், அடியில் கிடந்த மரத்துண்டில் பட்டது. பெருவிரல் நீளம், ஒரு முனையில் சிறு நாக்கு. மேசைப் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்குவதால் நீ அதற்கு வைத்த பெயர் பல்லி. பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். காப்பியடிக்கும் சீட்டு என்று நினைத்திருப்பாள். பெட்டியை மூடிவிட்டேன். ஆனால் அதன் பிறகு ஒரு கணக்கும் ஓடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அது நல்ல செய்தி இல்லை.

நீ எனக்காகச் செய்த அந்தக் கடைசி மேசையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கேரி தீவுத் தோட்டத்தில் நீ பிறந்த லயத்து வரிசை வீடுகளை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் லோரியில் மூவரும் போனோமே, நினைவிருக்கிறதா? பிறந்த வீடு இடிகிறதே, நீ அழுவாய் என்று நான் கைக்குட்டையோடு வந்திருந்தேன். நீயோ தரைப்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "நினைவுக்கு இல்லடி, மரம் நல்லாருக்கு. ஏத்து" என்றாய். க்ளாங் வீட்டு வாசலில், கார் நிற்க வேண்டிய இடத்தில், அந்தப் பலகைகளைக் கழுவிக் காயவைத்தாய். மரத்துக்குள் பழைய ஆணி ஒளிந்திருந்தால் ரம்பப் பல் போய்விடும். அதனால் நூலில் கட்டிய காந்தத்தை என் கையில் கொடுத்து, "புத்தகப் புழு, இதையும் வரி வரியா படி" என்றாய். நாற்பத்திரண்டு ஆணி கண்டுபிடித்தேன். நான் எண்ணுவேன் என்று உனக்குத் தெரியும்.

மரத்தொழிற்சாலையில் பதினொரு வருடம் மற்றவர்கள் வரைந்ததையே பொருத்திப் பூட்டிய கை, வெளியே வந்த பிறகு ஒரே அளவில் இரண்டு மேசை செய்ய மறுத்தது. வருகிறவர்களை உட்காரவைத்து அளவெடுப்பாய். என்னையும் புத்தகத்தோடு உட்காரவைத்து முழங்கையிலிருந்து தரைவரை அளந்தாய். "குள்ளச்சி, வளந்திடுவியா இல்ல இதான் முடிவா?" என்று கேட்டாய். இதுதான் முடிவு என்றேன். அந்த அளவுக்கே மேசைக் கால்களை வெட்டினாய்.

பலகையைச் சட்டத்தில் இறுக்காமல், எட்டுப் பல்லிகளைச் செதுக்கி, அவற்றின் நாக்குகள் பள்ளத்துக்குள் நகரும்படி மாட்டினாய். மேசையை உலுக்கினால் பலகை ஒரு நூலளவு அசைந்தது. ஆடுகிறதே என்றேன்.

"ஆடணும். மழை மாசம் மரம் உப்பும், ஏர்கோன் குளிர்ல ஒட்டிப் போகும். உங்கப்பா வயிறு மாதிரி. தீபாவளிக்குப் பெல்ட்ல இன்னொரு ஓட்டை வேணுமா இல்லையா?"

உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா, "என் வயித்த ஏன் இழுக்கற?" என்றார்.

பிறகு ரேணு ஆன்டி வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் மரச்சாமான் கடை வைத்து, நீ செய்ததையெல்லாம் விற்றவர். "அக்கா, இந்த மேசைய ஒரு வாரம் மட்டும் கடைல வைக்கறேன்லா. சேம்பிளுக்கு. விக்க மாட்டேன், சாமி சத்தியமா." நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் உனக்கு டெங்கி வந்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்து அப்பா ரேணு ஆன்டிக்குப் போன் செய்தபோது, "எந்த மேசை? அது கடை மேசை அண்ணே. எழுதி வச்சிருக்கா?" என்று கேட்டாள். ஆம், இனி 'அவர்' இல்லை, அவள்தான். பெரியவர்களை அப்படி எழுதாதே என்று நீ திட்டினாலும் சரி. அப்பா போனை வைத்துவிட்டு, "விடுமா. செத்த வீட்ல சண்டை வேணாம்" என்றார். நான் விடவில்லை. கோயிலில் எல்லாரும் கண்மூடி நல்லதுக்கு வேண்டிக்கொண்டிருந்தபோது, அவள் கடையின் பெயர்ப்பலகை அவள் தலையில் விழ வேண்டும் என்று நான் வேண்டினேன். இரண்டு முறை.

சனிக்கிழமைகளில் எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன். கொமுட்டர் ரயிலை விட்டு இறங்கி, வகுப்புக்கு முன் அந்தக் கடைக்குள் நுழைவேன். கதவு திறந்தே கிடக்கும், மேலே விசிறி மட்டும் சுற்றும். முதல் சனிக்கிழமை என் மேசையின்மேல் ஓர் அட்டை இருந்தது. 'பழைய பங்களா மரம். வடிவமைப்பும் செய்நேர்த்தியும்: ரேணு.' ஒரு வரியில் எத்தனை பொய் என்று வகுப்பில் கேட்டால் நான் முதலில் கை தூக்கியிருப்பேன்.

மூன்றாவது சனிக்கிழமை குனிந்து அடியில் பார்த்தேன். பல்லிகள் இல்லை. அவை இருந்த இடமெல்லாம் இரும்புத் தகடு, திருகாணி, இறுக்கம். கடையில் மரச்சாமான் பூட்டும் வேலை பார்க்கும் குமார் அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"யாரோ கஸ்டமர் உலுக்கிப் பாத்து ஆடுதுன்னு சொல்லிட்டாங்கமா. லூசு வேலைன்னு பாஸ் ஒரே கத்து. இறுக்கச் சொன்னாங்க, இறுக்கிட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். "தூக்கிப் போடச் சொன்னாங்க. அம்மா கைவேலையாச்சே, மனசு வரல." எட்டும் இருந்தன.

அம்மா, அந்த நிமிடம் எனக்கு எல்லாம் தெரிந்தது. இந்த மேசை ஏர்கோன் வீட்டுக்குப் போனால் மரம் ஒட்டிப்போகும். இரண்டு பக்கமும் இரும்பு பிடித்திருந்தால் அதற்குப் போக இடமில்லை. நடுவில் கிழியும். நீயாக இருந்தால், யார் மேசையானாலும், அங்கேயே மண்டியிட்டுத் திருகாணியைத் தளர்த்தியிருப்பாய். நான் பையைப் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அப்போதே செராஸிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த ஆன்டி மேசையைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்கு. ஆனா கொஞ்சம் தாழ்வா இல்ல?" என்றார்.

"பழைய ஸ்டைல் அப்படித்தான் ஆன்டி. நானே பாத்துப் பாத்து செஞ்சது," என்றாள் ரேணு, என்னைப் பார்க்காமலே. அது என் முழங்கையின் உயரம் அம்மா.

அந்த ஆன்டி என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? எங்க கொண்டோ வீட்ல நாள் பூரா ஏர்கோன். மரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

நான் சிரித்தேன். பள்ளிச் சீருடையும் கண்ணாடியும் போட்ட பெண்ணை யார் சந்தேகிப்பார்கள்? "ஒண்ணும் ஆகாது ஆன்டி. ஏர்கோன்ல இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அன்று டியூஷனில் எனக்கு முழு மதிப்பெண்.

இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒருநாள் மேசை நடுவில் விரிசலோடு வாசலில் கிடந்தது, மல்லாந்த ஆமை போல, கால்கள் மேலே. கடைக்குள் நான்கைந்து பேர். செராஸ் ஆன்டியின் கணவர் கத்திக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டு இருக்கோம் பாஸ், டப்புன்னு சத்தம்! என் மாமியார் பயந்துட்டாங்க!"

இதற்குத்தான் காத்திருந்தேன். அவள் எல்லார் முன்னிலும் தலைகுனிவதைப் பார்க்க வேண்டும். ஆனால் அவள் குனியவில்லை. கையை விரித்து, "அங்கிள், இது நான் செஞ்சதே இல்ல. க்ளாங்ல ஒரு பொம்பள செஞ்சு குடுத்தது. வேலை தெரியாத ஆளு. இப்ப உயிரோடவும் இல்ல, யாரப் போய் கேக்கறது?" என்றாள்.

உன்னைப் பற்றி அந்தக் கடையில் முதல் முறையாகப் பேச்சு எழுந்தது. இப்படி எழுந்தது. எழுப்பியது நான்.

என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "அந்தப் பொம்பள எங்கம்மா." பெட்டியைத் திறந்து எட்டையும் கவிழ்ந்த பலகையின் விளிம்பில் வரிசையாக வைத்தேன். எது எங்கே இருந்தது, ஏன் அசைய வேண்டும், யார் கழற்றச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே போவதைக் காட்டினேன். குமார் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேசைக்கு அருகே வந்தார். பிறகு, "பொண்ணு சொல்றது உண்மைதான். நான்தான் கழட்டினேன். பாஸ்தான் சொன்னாங்க," என்றார்.

அப்போது ரேணு குனிந்தாள். பார்த்தேன். நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "இந்தக் குப்பைய யாராவது தூக்கிட்டுப் போங்க," என்று முனகியபடி உள்ளே போனாள்.

ஆனால் செராஸ் ஆன்டி போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீதானே அன்னைக்கு ஏர்கோன்ல நல்லா இருக்கும்னு சொன்ன பொண்ணு?"

எட்டுப் பல்லிகளையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தேன். "சத்தம் கேட்டுப் பயந்த எங்கம்மாவும் உன்ன மாதிரி கண்ணாடிதான் போடுவாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

மேசையைத் தூக்கிப் போக அப்பா லோரியோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். மேசையைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "முன்னாடியே சொல்லிருக்கலாமேமா," என்றார்.

"சொல்லியிருந்தா மேசை திரும்பி வந்திருக்காதுப்பா."

"சொல்லியிருந்தா ஒடைஞ்சிருக்காது." கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்து, "கயித்த ரொம்ப இறுக்காத," என்றார்.

வீட்டுக்கு வந்து இரும்புகளைக் கழற்றினோம். ஏழு பல்லிகளைப் பழைய இடத்தில் மாட்டினேன். எட்டாவதன் இடத்தைத் திருகாணி தின்றுவிட்டது. அதுதான் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மேசைக்காக. செராஸ் ஆன்டியிடமும் ஒருநாள் கேட்பேன். முகவரி தெரியாது என்பது சாக்கு. குமார் அண்ணனிடம் கேட்டால் கிடைக்கும். ரேணுவிடம் கேட்க மாட்டேன். 'வேலை தெரியாத ஆளு' என்ற வார்த்தையை அவள் உன் பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுக்கும்வரை அந்த வாசலில் சனிக்கிழமைதோறும் நிற்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் இனி உண்மையை மட்டும் சொல்வேன். அது அவளுக்கு இன்னும் வலிக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

விரிசலை அடைக்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த மடலையும் அந்த மேசையில்தான் எழுதுகிறேன். என் முழங்கை சரியாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில் பேனா இடறி, தாளில் சிறு குழி விழுகிறது. அங்கே வரும்போதெல்லாம் முதலில் அவளைத் திட்டுகிறேன். பிறகு ஒரு கணம் பேனாவைத் தூக்கி, அந்த ஆன்டியிடம் சிரித்த என்னைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் அடுத்த சொல் வருகிறது.

உன் குள்ளச்சி