ஒரே கட்டளையில் வெளியீடு

நாள் 212, 09:10
வெஸ்டா சிறுகோள், சுரங்க நிலையம். எழுதுபவள் நப்பின்னை, மென்பொருள் பிரிவு. துளையிடும் இயந்திரங்கள் பதினொன்று. அவற்றை இயக்கும் மென்பொருளை ஒரு பைத்தான் பேக்கேஜாகக் கட்டி அனுப்ப ஏழு படிகள் இருந்தன. முதலில் ஒத்திகை சர்வர், பிறகுதான் உண்மையான சர்வர். இன்று முதல் ஒரே கட்டளை: வெளியிடு. கேள்வி கேட்காது.

சுரங்கத்திலிருந்து செபஸ்தியான் அண்ணன் (என் முனைவர் பட்டத்துக்காக அவருக்கு நான் டாக்டரம்மா): "டாக்டரம்மா, ஏழு வேலைய ஒண்ணாக்கிட்டியளாமே. மிச்ச நேரத்துல மீன்கொழம்பு வைக்கலாம்லா?" பின்னால் ஜுபைதாவின் சிரிப்பு. இங்கே நாங்கள் மூவர்தான்.

11:46
ஒத்திகைக்கென்று ஒரு பேக்கேஜ். அதில், ஆள் அருகில் வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் உடற்சூட்டு உணரியை அணைத்திருந்தேன். கணினிக்குள் இருக்கும் போலிச் சுரங்கத்தில் மனிதர் இல்லை. வெளியிடு என்று அடித்தேன். ஒத்திகை சர்வரை நானே எடுத்துவிட்டது அப்போது நினைவில்லை; போனது நேரே உண்மையான சர்வருக்கு.
நான்கு நிமிடச் சோதனை. தேறியது. பதினொன்றும் ஏற்றுக்கொண்டன.

11:58
ஜுபைதா இறந்துவிட்டாள். மூன்றாம் இயந்திரம் அவளைப் பாறை என்று நினைத்தது. இல்லை, அது எதையும் நினைக்கவில்லை. துளையிட்டது. மார்பில் தொடங்கியது. கேமராவில் தெறித்ததை வைப்பர் துடைத்தது.

12:04
சர்வரிலிருந்து நீக்கினேன். பயனில்லை. ஏற்றியது இயந்திரங்களுக்குள் இருக்கிறது. திருத்தியதை அனுப்பினால்தான் நிற்கும். திருத்திவிட்டேன். போகவில்லை.
திரையில்: "மரணம் பதிவானது. இனி வெளியீட்டுக்கு இருவரின் கட்டைவிரல் தேவை."
பூமியைக் கேட்டால் பதில் வர நாற்பது நிமிடம்.
செபஸ்தியான்: "கால் மாட்டிக்கிட்டு. ஏழாவது மெசினு எம்மேல சாஞ்சு கெடக்கு. வேற ரெண்டு வர்ற சத்தம் கேக்கு. வராதிய."

12:17
போனேன். சுரங்கத்துக்குள் காற்று உண்டு; தலைக்கவசம் ரேடியோவுக்குத்தான். மூன்று டன் இயந்திரம், கொக்கிகள் பாறையில் பதிந்திருந்தன. அசையவில்லை. கைரேகைக் கருவி நிலையச் சுவரில் பதிக்கப்பட்டது, கழற்றிவர முடியாது. குளிர்ந்த விரலை ஏற்காது. குழாய் வெட்டும் கத்தரி என் கையில் இருப்பதை அவர் பார்த்தார்.
துளையிடும் சத்தத்துக்கு மேல், தலைக்கவச ரேடியோவில்: "இடதை எடுங்க. வலதுல நான் சாப்பிடணும்லா."
எலும்பு இரண்டாம் அழுத்தலில் உடைந்தது. அவர் கத்தவில்லை. நான் கத்தினேன்.

12:29
திரும்பும்போது ஓர் இயந்திரம் உரசி என் தோளும் கிழிந்தது. விரல் வாய்க்குள். சூடு போகக்கூடாது.
ஏற்கப்பட்டது. வெளியிடு.
சோதனை 0%. நான்கு நிமிடம். தவிர்க்க வழி இல்லை. எளிமைக்காக அந்த வழியையும் எடுத்திருந்தேன். இதைக் கண்டெடுப்பவரே, நான்தான் எடுத்தேன்.

12:30
26%. "டாக்டரம்மா, அனுப்பியாச்சா?"
அனுப்பியாச்சு என்றேன்.

12:31
52%. கத்துகிறார். ரேடியோவை அணைக்க மாட்டேன்.

12:32
77%. குரல் நின்றது. துளையிடும் சத்தம் நிற்கவில்லை. பாறையில் இப்படிக் கேட்காது

12:33
100%. பிழைகள் இல்லை. பதினொன்றும் ஏற்றுக்கொண்டன. நின்றன.
செபஸ்தியான் அண்ணன் மேல் நிற்கும் நான்காம் இயந்திரத்திலிருந்து: "உடற்சூடு கண்டறியப்பட்டது. ஒருவர். அவரது பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கிறேன்."