உப்புக்கு ஒரு இன்வாய்ஸ்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அதாவது நேற்று சாயங்காலத்திலிருந்து. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் புரூஃப் வேலைக்கும் என் தையலுக்கும் பணம் வாங்க நீ போனில் ஒரு கம்பெனியில் ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுத்தாயே, வினை அதில்தான் ஆரம்பித்தது. பணம் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் நூற்றுக்கு நாலும் அதற்கு மேல் ஐந்து ரூபாயும் அந்தக் கம்பெனிக்காரன் பிடித்துக்கொள்கிறான், இவரோ அத்தியாயத்துக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாத்தையும் சேத்து ஒண்ணா அனுப்புங்க, இல்ல பதிப்பகத்துக்காரங்களையே கமிஷனைக் கட்டச் சொல்லுங்க, கேக்க என்ன பயம் என்று சொல்லிவிட்டேன். இனிமே உன்கூடப் பேச்சே இல்ல என்று கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் வீம்புக்குச் சமையலறையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் என் போனுக்கு ஒரு இன்வாய்ஸ் வந்தது, குழாய் ரிப்பேர் செய்ததற்கு இருநூறு. கீழே குறிப்பு என்ற இடத்தில், சாம்பாரில் உப்பு அதிகம், கவனிக்கவும் என்று எழுதியிருந்தார். பணத்தைக் கட்டினேன். கமிஷன் போக அவருக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றெண்பத்தேழு. அதே நூற்றெண்பத்தேழுக்கு நானும் ஒன்று அனுப்பினேன், சட்டைப் பொத்தான் தைத்த கூலி, குறிப்பு: உப்பு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் மாத்திரை போட்டாயா, போட்டேன், மின்விசிறியை அணை, நீங்களே அணையுங்கள், எல்லாம் இன்வாய்ஸில்தான். பத்தடி தூரத்துக்குள் அந்தப் பணம் பதினாறு தடவை கைமாறியதில் நாற்பத்து நாலாகத் தேய்ந்துவிட்டது.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இத்தனை நாள் பேசாமல் இருந்ததில்லையடி. காசு தீர்ந்தால் இதுவும் நின்றுவிடுமே என்று எனக்கு உள்ளூரப் பயம். அவருக்கும் இருந்திருக்கும் போல. கமிஷனே பிடிக்க முடியாதபடி பூஜ்யத்துக்கு ஒரு இன்வாய்ஸ் போடப் பார்த்திருக்கிறார். போன் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து தடவை அது பீப் பீப்பென்று கத்தியது எனக்கே கேட்டது. கடைசியில் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்று, தப்பு என்மேலதான், வா சாப்பிடலாம் என்றார். அழுதுவிட்டேன்.

நீ போன் செய்யும்போது இதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே. கமிஷனைப் பற்றிப் பதிப்பகத்துக்கு அவர் இன்னும் எழுதவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. மிச்சம் நாற்பத்து நாலு என் கணக்கில்தான் இருக்கிறது. வெளியே எடுத்தால் அதற்கும் கமிஷனாம், எடுக்கவில்லை. இன்னொரு சின்னச் சண்டைக்கு ஆகும்.

இருவரும் நூறு வருஷம் பேசிக்கொண்டே இருங்கள்.

உன் அம்மா