நொரொம் நொய், அப்பா

கூப்பிட்டால் முதலில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அப்புறம் "என்னம்மா" என்று கேட்கும் என் அப்பாவுக்கு,

டாக்குரியா வீட்டில் நாங்கள் நலம். அம்மா இன்னும் காய்க்காரரோடு பெங்காலியில் பேரம் பேசி ஜெயித்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறாள்.

ஜாதவ்பூர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு என்ன வேலை தெரியுமா? கழுத்து ரத்தக்குழாயின் சுவரை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. உங்களுக்கு ஸ்கேன் எடுத்தபோது குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். கொஞ்சம்தான், கவலை வேண்டாம் என்றார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே பக்கவாதம் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

சுவரில் படிந்திருந்தது எப்படிப்பட்டது என்று யார் கேட்டார்கள்? கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். மெத்தென்ற கொழுப்பாக இருந்தால், கொஞ்சமே ஆனாலும் வெடித்து மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடலாம். எங்கள் கருவி அனுப்பும் ஒலிக்கு அதிர்வெண் மிக அதிகம். ஆழமாகப் போகாது. ஆனால் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரை நுணுக்கமாகக் காட்டிவிடும்.

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடப் படுக்கையில் அம்மா படுத்தாள். டாக்டர் எடுத்த ஸ்கேனில் அவளுக்கும் கொஞ்சம் படிவு என்று வந்திருந்தது. கூட வேலை செய்யும் மௌமிதாவை எடுக்கச் சொன்னேன். திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"நொரொம் நொய், மாஷிமா" என்றாள் மௌமிதா, அம்மாவிடம்.

திரும்பிப் பார்த்தேன்; அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, நரம்பு நோய்ங்கறா? அப்பாவுக்கு வந்ததுதானா?"

காய்க்காரரை மடக்கும் பெங்காலி எல்லாம் எங்கே போயிற்றோ. பயத்தில் காது தமிழுக்குத் திரும்பிவிட்டது. "மெத்துனு இல்லேன்னு சொல்றாம்மா. கெட்டியா இருக்காம். நல்ல சேதிதான்" என்றேன். மௌமிதாவுக்கு நரம்பு நோயை விளக்கியதும் மூன்று பேரும் சிரித்துத் தீர்த்தோம். எனக்கு அழுகையும் வந்தது, அப்பா. எங்கள் கருவி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது என்பதால் டாக்டரிடமும் போனோம். இப்போதைக்கு மாத்திரையும் நடையும் போதும் என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அவருக்கு நொரொமா இருந்திருக்குமோ?"

"தெரியலம்மா" என்றேன்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் அதே கேள்வியோடு இன்னொரு மகள் என்னிடம் வருவாள். அவளுடைய அப்பா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குப் பதில் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அம்மாவைத் தினமும் ஏரிக்கரைக்கு நடக்க இழுத்துப்போகும்
உங்கள் பெண்,
வைதேகி